கணக்கு ஓரிடம், குண்டு ஓரிடம்: பாலிஸ்டிக் கால்குலேட்டரைச் சரிசெய்வது பற்றிய கேள்விகள்

குண்டு எங்கே படும் என்று கணக்கிடும் செயலியான பாலிஸ்டிக் கால்குலேட்டர், ரைபிளின் ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) 700 மீட்டருக்கு 5.5 மில் ஏற்றச் சொல்கிறது. ஏற்றிச் சுட்டால் குண்டு பலகைக்குக் கீழே மண்ணில் விழுந்து புழுதி கிளப்புகிறது. இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான்: பி.சி. எண்ணை, அதாவது குண்டு காற்றின் தடையை மீறி எவ்வளவு நன்றாகப் போகிறது என்று சொல்லும் எண்ணை, கொஞ்சம் குறைத்துப் பார்ப்பது. அன்றைக்குப் பொருந்திவிடும். அடுத்த வாரம் வேறு தூரத்தில் மறுபடியும் தவறும். அந்தச் சுழலில் சிக்கிய பலரோடு பேசியிருக்கிறேன், நானும் அதில் ஒரு பருவம் முழுவதும் சிக்கியிருக்கிறேன். அவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் கீழே.

எண்களுக்காக ஒரே ரைபிளை எடுத்துக்கொள்கிறேன்: 6.5 மி.மீ., 140 கிரெய்ன் எடையுள்ள குண்டு, குழல் முனையில் வேகம் வினாடிக்கு 820 மீட்டர், 100 மீட்டரில் ஜீரோ (எதுவும் ஏற்றாமல், குறிபார்த்த இடத்திலேயே குண்டு படும் தூரம்). உங்களுடையது வேறாக இருந்தால் எண்கள் மாறும், வழி மாறாது. மில் என்பது தூரத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு. 100 மீட்டரில் 10 செ.மீ., 1000 மீட்டரில் ஒரு மீட்டர்.

கால்குலேட்டரே தவறாகக் கணக்கிட வாய்ப்பு உண்டா?

மிகக் குறைவு. இன்றைய செயலிகள் எல்லாமே ஏறக்குறைய ஒரே இயற்பியல் சமன்பாடுகளைத்தான் தீர்க்கின்றன. ஒரே எண்களைக் கொடுத்தால் இரண்டு செயலிகளுக்கு இடையே வித்தியாசம் ஒரு கிளிக்குக்குள் (ஸ்கோப் குமிழின் ஒரு படிக்குள்) அடங்கிவிடும். அதற்கு மேல் வந்தால், ஏதோ ஒரு செயலியில் ஏதோ ஒரு கட்டத்தை வேறு அலகில் நிரப்பியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். கெஜமும் மீட்டரும் மாறிக் கிடப்பது அடிக்கடி நடக்கிறது. 1000 கெஜம் என்பது 914 மீட்டர்தான்.

சரி, எங்கே தொடங்குவது?

எந்த எண்ணையும் தொடாமல், பிழை தூரத்தோடு எப்படி மாறுகிறது என்று பார்ப்பதில் தொடங்குங்கள். ஒரே தூரத்தில் கிடைத்த பிழையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. குறைந்தது நான்கு தூரங்களில், ஒவ்வொன்றிலும் ஐந்து குண்டு சுட்டு, கூட்டத்தின் நடுப்புள்ளி கணக்கிலிருந்து எவ்வளவு விலகியது என்று மில்லில் எழுதுங்கள். செ.மீ.யில் எழுதினால் தூரம் கூடக் கூட எல்லாப் பிழையும் வளர்வது போலத்தான் தெரியும். மில்லில் எழுதினால்தான் பிழையின் வடிவம் வெளியே வரும்.

எல்லாத் தூரத்திலும் அதே 0.1 மில் தாழ்வு என்றால், ஜீரோவைச் சந்தேகிக்க வேண்டும்.

300 மீட்டரில் 0.05, 500-இல் 0.1, 700-இல் 0.15, 900-இல் 0.2 என்று படிப்படியாக வளர்ந்தால், ஒன்று வேகம் தவறு, இல்லையென்றால் ஸ்கோப்பின் கிளிக் அளவு தவறு. இந்த இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. தாளில் பார்த்துப் பிரித்தறிய முடியாது. அதனால்தான் ஸ்கோப்பைத் தனியாகச் சோதிக்கச் சொல்கிறேன்.

500, 600 வரை எல்லாம் அச்சாகப் பொருந்தி, 800-க்கு மேல் திடீரென்று வேகமாக விலகினால், அப்போதுதான் பி.சி. அல்லது காற்றடர்த்தி பற்றி யோசிக்க வேண்டும். பி.சி.யில் 3 சதவீதம் தவறினாலும் 500 மீட்டரில் கண்ணுக்குத் தெரியாது, 1000 மீட்டரில் 0.1 மில்லுக்கு மேல் காட்டும்.

ஒழுங்கே இல்லாமல் ஒரு தூரத்தில் மேலே, அடுத்ததில் கீழே என்று வந்தால் கால்குலேட்டரை மூடிவைத்துவிடுங்கள். அது தூரம் அளந்ததில், ஸ்கோப் பொருத்தியதில், அல்லது சுட்டவரிடத்தில் உள்ள சிக்கல்.

மூன்று குண்டு சுட்டு ஜீரோ வைத்தேன், ஒரே துளையில் போயிற்று. போதாதா?

போதாது. மூன்று குண்டு நெருக்கமாக விழுவது பெரும்பாலும் அதிர்ஷ்டம். அந்தக் கூட்டத்தின் நடுப்புள்ளி உண்மையான நடுப்புள்ளியிலிருந்து ஒரு செ.மீ. தள்ளி இருப்பது சாதாரணம். 100 மீட்டரில் ஒரு செ.மீ. என்றால் 0.1 மில், அதாவது 1000 மீட்டரில் 10 செ.மீ. பத்து குண்டு சுட்டு நடுப்புள்ளியை அளந்து எடுங்கள். கிளிக் ஒன்றுக்கும் குறைவான மிச்சம் இருந்தால், அதை உள்ளிட பல செயலிகளில் தனிக் கட்டம் இருக்கிறது.

இன்னொன்று, காற்று அமைதியாக இருக்கும் நேரத்தில் ஜீரோ வையுங்கள். வினாடிக்கு 4, 5 மீட்டர் வேகத்தில் பக்கக் காற்று அடித்தால் 100 மீட்டரிலேயே ஒரு செ.மீ.க்கு மேல் தள்ளிவிடும். அந்தத் தள்ளலை ஜீரோவுக்குள் பூட்டிவிட்டால் பிறகு ஒவ்வொரு தூரத்திலும் அது கூடவே வரும்.

ஸ்கோப்பை எப்படிச் சோதிப்பது?

இது ஒரு மணி நேர வேலை. நான் சொல்வதில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஒன்றேகால் மீட்டர் உயரத்துக்குத் தாளை ஒட்டுங்கள். அதில் தூக்குக்குண்டு கட்டிய நூலைத் தொங்கவிட்டு, நூல் ஆடி அடங்கியதும் அதையொட்டி மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு போடுங்கள். கோட்டின் அடியில் குறிப்புள்ளி. 100 மீட்டரை நாடா வைத்து அளக்க வேண்டும். லேசர் கருவி ஒரு மீட்டர் தவறினால் சோதனையிலேயே ஒரு சதவீதப் பிழை புகுந்துவிடும், நாம் தேடுவதே ஒன்று இரண்டு சதவீதத்தைத்தான். முதலில் ஜீரோவில் ஐந்து குண்டு. பிறகு 10 மில் ஏற்றி, அதே குறிப்புள்ளியைப் பார்த்து ஐந்து குண்டு. இரண்டு கூட்டங்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே சரியாக 100 செ.மீ. இருக்க வேண்டும்.

98 செ.மீ. வந்தால் உங்கள் ஸ்கோப் 10 மில் என்று சொல்லி 9.8 மில்தான் நகர்கிறது. திருத்தக் காரணியை உள்ளிடச் செயலியில் இடம் இருக்கும். ஒரு செயலி 0.98 என்று கேட்கும், இன்னொன்று 1.02 என்று கேட்கும். போட்ட பிறகு 900 மீட்டருக்கான விடை கூடியதா என்று பாருங்கள். குறைந்திருந்தால் தலைகீழாகப் போட்டுவிட்டீர்கள்.

மேல் கூட்டம் கோட்டிலிருந்து விலகியதா என்பதையும் பாருங்கள். 2 செ.மீ. பக்கவாட்டில் போயிருந்தால் ஸ்கோப் ஏறக்குறைய ஒரு டிகிரி சாய்ந்திருக்கிறது. ஒரு டிகிரி சின்னதாகத் தோன்றலாம். ஆனால் 10 மில் ஏற்றி, ரைபிளை 3 டிகிரி சாய்த்துப் பிடித்தால் 1000 மீட்டரில் அரை மீட்டர் பக்கவாட்டில் போகும். உயரத்தில் ஒன்றரை செ.மீ.தான் குறையும். அதனால் சாய்வால் வரும் பிழையைக் காற்று என்றே நினைத்துக்கொள்வோம்.

நான் ஒரு பருவம் முழுக்கத் திணறியது இந்த இடத்தில்தான். என் ஸ்கோப் ஒன்றரை சதவீதம் குறைவாக நகர்ந்தது. அது தெரியாமல் வேகத்தைக் குறைத்துப் போட்டேன், எல்லாம் பொருந்தியது. புதுத் தோட்டாப் பெட்டி வாங்கி, வேகத்தை ஒழுங்காக அளந்து உள்ளிட்ட நாளில் எல்லாம் கலைந்தது. வேகம் அளக்கும் குரோனோகிராஃப்தான் கெட்டுவிட்டது என்று நம்பி, இரவல் வாங்கிய இன்னொன்றையும் வைத்துச் சுட்டேன். அதுவும் அதே எண்ணைச் சொன்னது. அதற்குப் பிறகுதான் நூலைத் தொங்கவிட்டேன்.

ஸ்கோப் உயரத்தை மில்லிமீட்டர் சுத்தமாக அளக்க வேண்டுமா?

இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் இருந்தால் போதும். குழலின் மையத்திலிருந்து ஸ்கோப்பின் மையம் வரை உள்ள உயரம் இது. அடிப்பாகத்திலிருந்து அளந்துவிடாதீர்கள். ஒரு செ.மீ. தவறினால் 200 மீட்டரில் 0.05 மில், 400-இல் 0.075, அதற்குப் பிறகு 0.1-ஐ நோக்கி மெல்லப் போய் அங்கேயே நின்றுவிடும். தூரத்தில் மட்டும் சுடுபவருக்கு அது ஜீரோ பிழை போலவே தெரியும். ஜீரோவை மூன்று முறை சரிபார்த்தும் 0.1 மில் போக மாட்டேன் என்றால் இந்தக் கட்டத்தைப் பாருங்கள்.

குரோனோகிராஃப் சொன்ன வேகத்தை நம்பலாமா?

கருவியை நம்பலாம், ஐந்து குண்டின் சராசரியை நம்ப முடியாது. குண்டுக்குக் குண்டு வேகத்தின் திட்டவிலக்கம் (சராசரியைச் சுற்றி வேகம் சிதறும் அளவு) 4 மீ/வி என்று வையுங்கள். ஐந்து குண்டின் சராசரி உண்மையான சராசரியிலிருந்து 5 மீ/வி வரை விலகியிருக்கலாம். இருபது சுட்டால் அந்த இடைவெளி 2 மீ/வி அளவுக்குக் குறைகிறது. நம் ரைபிளில் 10 மீ/வி தவறு 1000 மீட்டரில் கால் மில், அதாவது 25 செ.மீ. எனவே அந்த இருபது தோட்டாவும் வீண் அல்ல.

ஒளித்திரை வகைக் கருவியைக் குழலிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி வைத்தால், குண்டு அங்கே வருவதற்குள் 2 மீ/வி இழந்திருக்கும். அதைக் கூட்டிக்கொள்ளுங்கள். குழலில் கட்டும் காந்த வகை வேகத்தைச் சரியாகச் சொல்லும், ஆனால் அதன் எடையால் குண்டு படும் இடம் மாறும். அதைக் கட்டியபடி ஜீரோ வைக்கக் கூடாது. ரேடார் வகைக்கு இந்த இரண்டு தொல்லையும் இல்லை.

புதுக் குழலாக இருந்தால் முதல் நூறு, இருநூறு குண்டுக்குள் வேகம் கூடுவது உண்டு. அதுவரை எந்த எண்ணையும் முடிவானதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

குளிர்காலத்தில் சரியாக இருந்தது, வெயிலில் மேலே போகிறதே?

இரண்டு காரணம் ஒரே திசையில் வேலை செய்கிறது. வெப்பம் கூடினால் காற்று லேசாகிறது. 10 டிகிரிக்கு அடர்த்தி மூன்றரை சதவீத அளவு குறையும். இதைக் கால்குலேட்டர் தானே பார்த்துக்கொள்ளும். மற்றது தோட்டாவுக்குள் இருக்கும் வெடிமருந்தின் சூடு. சில மருந்துகளில் டிகிரிக்கு அரை மீ/வி கூடும், அப்படிப்பட்ட மருந்தில் 20 டிகிரி வித்தியாசத்துக்கு 10 மீ/வி கூடிவிடும். இதை நீங்கள் சொல்லாமல் கால்குலேட்டருக்குத் தெரியாது. குளிர்ந்த காலையில் ஒருமுறை, சூடான பகலில் ஒருமுறை வேகம் அளந்து வெப்ப அட்டவணையில் இரண்டையும் போடுங்கள்.

அங்கே போட வேண்டியது மருந்தின் வெப்பம், காற்றின் வெப்பம் அல்ல. வெயிலில் கிடந்த பெட்டியும், சுட்டுச் சூடேறிய ரைபிளின் தோட்டா அறைக்குள் இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்த தோட்டாவும் காற்றைவிடச் சூடாக இருக்கும்.

காற்றழுத்தத்தை வானிலைச் செயலியிலிருந்து எடுத்துப் போடுகிறேன். சரிதானே?

பெரிய பிழைகளில் பாதி இந்த ஒரு கட்டத்திலிருந்துதான் வருகிறது. வானிலைச் செயலி சொல்வது கடல் மட்டத்துக்குத் திருத்திய அழுத்தம். மலையில் நின்றாலும் 1015 ஹெக்டோபாஸ்கல் என்றுதான் காட்டும். 1500 மீட்டர் உயரத்தில் உங்களைச் சுற்றி உண்மையில் இருப்பது 850-ஐ ஒட்டிய அழுத்தம். கால்குலேட்டர் 'இடத்தின் அழுத்தம்' கேட்கும்போது 1015 என்று போட்டால், காற்று 20 சதவீதம் கனமானது என்று அது நினைத்துக்கொள்ளும். தேவைக்கு மேல் ஏற்றச் சொல்லும், 1000 மீட்டரில் குண்டு அரை மில்லுக்கும் மேலாக உயரே போகும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. கையடக்கக் கருவியில் இடத்தின் அழுத்தத்தை அளந்து போட்டு, கூடவே உயரத்தையும் போடுவது. சில செயலிகள் இரண்டையும் சேர்த்து இருமுறை கழித்துவிடும். இடத்தின் அழுத்தம் தெரிந்தால் உயரம் தேவையே இல்லை. கருவியை எதனோடும் ஒப்பிட முடியாவிட்டால் ஒரு சுலபமான சோதனை இருக்கிறது: கடல் மட்டத்தையொட்டி 100 மீட்டர் ஏறினால் 12 ஹெக்டோபாஸ்கல் அளவு குறைய வேண்டும். குறையாமல் அதே எண்ணைக் காட்டினால் அது திருத்திய அழுத்தத்தைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறது.

ஈரப்பதம்?

50 என்று போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். ஈரக் காற்று கனமானது என்று பலர் நினைக்கிறார்கள், உண்மையில் அது சற்று லேசானது. நீராவி மூலக்கூறு காற்றின் மற்ற மூலக்கூறுகளைவிட எடை குறைந்தது. எப்படியானாலும் விளைவு மிகச் சிறியது.

பி.சி. வகைகளான ஜி1, ஜி7 இரண்டில் எதைப் போடுவது?

நீண்ட மூக்கும் படகு வால் போலக் குறுகிய பின்புறமும் உள்ள குண்டுக்கு ஜி7. ஜி1 என்பது தட்டையான அடி கொண்ட பழைய வடிவக் குண்டை அளவுகோலாக வைத்தது. நவீன குண்டுக்கு அதைப் பயன்படுத்தினால் வேகம் குறையக் குறைய பி.சி. மாறிக்கொண்டே போகும். அதனால்தான் சில தயாரிப்பாளர்கள் ஒரே குண்டுக்கு வேகத்துக்கு ஒன்றாக மூன்று பி.சி. தருகிறார்கள்.

ஒரே குண்டின் ஜி7 எண் ஜி1 எண்ணில் ஏறக்குறைய பாதி. ஜி1 0.5 என்றால் ஜி7 0.25 வாக்கில். எண்ணை ஒன்றிலும் வகையை மற்றதிலும் வைத்துவிட்டால் பிழை மலையளவு இருக்கும், உடனே தெரிந்துவிடும். தெரியாமல் ஒளிந்திருப்பது வேறொன்று. பி.சி.யை எந்தத் தரக் காற்றுக்குக் கணக்கிட்டார்கள் என்பது. ஐ.சி.ஏ.ஓ. (பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பு) தரமும் பழைய ராணுவத் தரமும் ஏறக்குறைய 2 சதவீதம் வேறுபடும். செயலியில் அதற்கான தேர்வு இருந்தால், குண்டுத் தயாரிப்பாளர் எதைச் சொல்கிறாரோ அதையே வையுங்கள்.

எல்லாம் சரிபார்த்தாயிற்று. இன்னும் கொஞ்சம் விலகுகிறது. இப்போதாவது திருத்தலாமா?

இப்போது தாராளமாகத் திருத்தலாம், முதலில் வேகத்தை. குண்டு இன்னும் ஒலியைவிட நன்றாக வேகமாகப் போய்க்கொண்டிருக்கும் தூரத்தைத் தேர்ந்தெடுங்கள். நம் ரைபிளுக்கு 700, 800 மீட்டர். காற்று அடங்கிய காலையில் ஐந்து அல்லது பத்து குண்டு சுட்டு நடுப்புள்ளியைப் பிடியுங்கள். ஒற்றைக் குண்டை வைத்துத் திருத்தாதீர்கள். திட்டவிலக்கம் 4 மீ/வி உள்ள தோட்டா 1000 மீட்டரில் தானாகவே மேலும் கீழுமாக 40 செ.மீ. பரவும். அதில் ஒரு ஓரத்துக் குண்டைப் பிடித்துக் கணக்கை மாற்றினால் மீதிக் குண்டுகளெல்லாம் கணக்கைவிட்டு விலகிவிடும்.

திருத்தம் 5, 6 மீ/வி-க்குள் இருந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். இருபது குண்டு அளந்த பிறகும் கால்குலேட்டர் 20 மீ/வி மாற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள். வேகம் அவ்வளவு தவறியிருக்காது. மேலே சொன்னவற்றில் ஏதோ ஒன்று இன்னும் ஒளிந்திருக்கிறது.

வேகம் உறுதியான பிறகு, அதைப் பூட்டிவிட்டு, இன்னும் தூரத்தில் சுட்டு பி.சி.யைத் திருத்துங்கள். இரண்டையும் ஒரே நாளில் ஒரே தூரத்தில் மாற்றினால் எந்த ஜோடியும் பொருந்தும். குறைந்த வேகமும் அதிக பி.சி.யும் சேர்ந்து 800 மீட்டரில் சரியான விடை தரும், 400-இலும் 1100-இலும் பொய் சொல்லும்.

ஒலி வேகத்தை நெருங்கும்போது கணக்கு ஏன் குலைகிறது?

15 டிகிரியில் ஒலியின் வேகம் 340 மீ/வி. குண்டு அதன் 1.2 மடங்குக்கு, அதாவது 408 மீ/வி-க்குக் கீழே வந்ததும் காற்றுத் தடை வழக்கமான வளைகோட்டைவிட்டு விலகத் தொடங்குகிறது. சில குண்டுகள் தள்ளாடும். .308 ரைபிளில் 168 கிரெய்ன் போட்டிக் குண்டு ஒன்று இதற்குப் பெயர் போனது. 300 மீட்டர் போட்டிக்கென வடிவமைத்த குண்டு அது. 1000 கெஜத்தை நெருங்கும்போது நிலைகுலைவதைப் பல தலைமுறைச் சுடுநர்கள் பார்த்திருக்கிறார்கள்.

மீதி வேகம் எவ்வளவு என்று கால்குலேட்டரே ஒரு பத்தியில் காட்டும், அதைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். அந்த எல்லைக்கு அப்பால் கிடைக்கும் பிழைக்குப் பி.சி.யை மாற்றாதீர்கள், மாற்றினால் கிட்டத் தூரங்கள் கெடும். ஒலி வேகத்தின் மடங்குக்கு ஒன்றாகத் தனித் தடைத் திருத்தம் போட வழியுள்ள செயலியில் அதைப் பயன்படுத்துங்கள். குழலின் முறுக்கும் (குண்டைச் சுழலவைக்கும் உள்வரிகளின் திருகல்) போதுமானதா என்று பாருங்கள். சுழற்சி குண்டை எவ்வளவு நிலையாக வைத்திருக்கிறது என்று சொல்லும் நிலைத்தன்மைக் காரணி 1.5-க்குக் கீழே இருந்தால் குண்டு தன் முழுப் பி.சி.யைக் காட்டாது.

காற்றே இல்லாத நாளில் வலப்பக்கம் போகிறதே?

வலமுறுக்குக் குழலில் குண்டு தன் சுழற்சியாலேயே வலப்பக்கம் நகரும். 1000 மீட்டரில் இருபது, முப்பது செ.மீ. வரை. முறுக்கின் திசையையும் அளவையும் உள்ளிட்டால் கணக்கில் வந்துவிடும். அதற்கு மேல் இருந்தால் ஸ்கோப் சாய்வைப் பாருங்கள். பக்கவாட்டுப் பிழைக்காக வேகத்தையோ பி.சி.யையோ தொடவே கூடாது.

காற்று அடிக்கும் நாளில் மட்டும் உயரம் மாறுகிறது. ஏன்?

இது கற்பனை அல்ல. வலமுறுக்குக் குழலில் வலப்பக்கத்திலிருந்து காற்று வந்தால் குண்டு சற்று மேலே, இடப்பக்கத்திலிருந்து வந்தால் சற்று கீழே படும். வினாடிக்கு நான்கைந்து மீட்டர் பக்கக் காற்றுக்கு 0.1 மில் அளவு, அதுவும் எல்லாத் தூரத்திலும் ஒரே மில். காற்று மாறிமாறி அடித்தால் பலகையில் துளைகள் இடது மேலிருந்து வலது கீழாகச் சாய்ந்து கிடக்கும். அந்தச் சாய்வைப் பார்த்தால் ஜீரோவை நகர்த்தாதீர்கள். செயலியில் இந்த விளைவுக்கான தேர்வை இயக்குங்கள்.

பூமி சுழல்வதையும் கணக்கில் எடுக்க வேண்டுமா?

1000 மீட்டர் வரை கடைசியாகக் கவனித்தால் போதும். பூமத்திய ரேகையையொட்டிக் கிழக்கு நோக்கிச் சுட்டால் 1000 மீட்டரில் பத்து செ.மீ. அளவு மேலே, மேற்கே சுட்டால் அதே அளவு கீழே. ஒரே மைதானத்தில் எப்போதும் ஒரே திசையில் சுடுபவர் தெரியாமலே இதை வேகத்துக்குள் அடக்கிவிடுவார். எதிர்த் திசை மைதானத்துக்குப் போகும் நாளில் அது இரண்டு மடங்காக வெளியே வரும்.

தூரம் அளக்கும் லேசரில் என்ன தவறு வரும்?

ஒளிக்கற்றை போகப் போக விரியும். சின்னப் பலகையைக் குறிவைத்தால் பின்னால் உள்ள மண்மேட்டின் தூரத்தைச் சொல்லிவிடும். 1000 மீட்டரில் 10 மீட்டர் தவறு 0.15 மில். மூன்று நான்கு முறை அளந்து, முன்னாலும் பின்னாலும் உள்ள பொருட்களையும் அளந்து ஒப்பிடுங்கள். சரிவில் சுடும்போது கோணத்தையும் உள்ளிட வேண்டும். ஆனால் லேசரே கிடைத் தூரத்துக்கு மாற்றித் தந்திருந்தால் மறுபடியும் கோணம் போடாதீர்கள்.

போன வாரம் எல்லாம் பொருந்தியது, இன்று எதுவும் பொருந்தவில்லை. எதை மாற்றுவது?

எதையும் மாற்றாதீர்கள். 100 மீட்டருக்குப் போய் ஜீரோ பாருங்கள். திருகு தளர்ந்திருக்கலாம், ஸ்கோப்பின் டரட் (ஏற்றும் குமிழ்) ஒரு முழுச் சுற்று தள்ளி நிற்கலாம், செயலி போன வாரத்து வானிலையைப் பிடித்துக்கொண்டிருக்கலாம், தோட்டாப் பெட்டியின் தயாரிப்புத் தொகுதி எண் மாறியிருக்கலாம். தொகுதி மாறினால் வேகத்தைப் புதிதாக அளக்க வேண்டும்.

குறிப்பேட்டில் என்னென்ன எழுதுவது?

தேதி, இடத்தின் அழுத்தம், காற்றின் வெப்பம், தோட்டாவின் வெப்பம், தொகுதி எண், அளந்த தூரம், கால்குலேட்டர் சொன்ன மில், ஏற்றிய மில், நடுப்புள்ளி பட்ட இடம், குழலில் அதுவரை சுட்ட எண்ணிக்கை. பிழையை எழுதும்போது 'தாழ்வு' என்று மட்டும் எழுதாமல் 'கணக்கைவிட 0.1 மில் தாழ்வு' என்று எழுதுங்கள். செயலியில் ஒரு எண்ணை மாற்றினால் பழைய எண்ணையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். மாற்றியது தவறென்று மூன்று வாரம் கழித்துத் தெரிந்தால் திரும்பிப் போக அந்த ஒரு வரிதான் வழி.